லூத்தர் வீட்டுக் கவலைகள்

1546 பிப்ரவரி 10ஆம் தேதி, ஜெர்மனியின் ஐஸ்லெபன் ஊரிலிருந்து சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தன் மனைவி கத்தரீனாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். முகவரியிலேயே கிண்டல் தொடங்கிவிடுகிறது. கவலைப்படுவதையே தவமாகக் கொண்ட புனிதவதி என்கிற தோரணையில் மனைவியின் பெயருக்கு முன்னால் பட்டங்களை அடுக்குகிறார். உள்ளே இன்னும் மோசம். நீ எங்களை நினைத்துக் கவலைப்பட ஆரம்பித்தாய், இங்கே என் அறைக் கதவுக்கு வெளியே தீப்பிடித்துவிட்டது. இரண்டு நாளாக மேலிருந்து காரை உதிர்ந்துகொண்டிருந்தது, ஆள் வந்து விரலால் தொட்டதும் தலையணை நீளக் கல் ஒன்று விழுந்தது, எலிப்பொறியில் அகப்பட்ட எலிபோல் நசுங்கியிருப்போம். நீ இன்னும் கவலைப்பட்டால் பூமியே பிளந்து எங்களை விழுங்கினாலும் விழுங்கும் என்று போகிறது கடிதம். முடிவில் ஒரு புத்திமதி: ஜெபம் பண்ணு, கவலைப்படுகிற வேலையைக் கடவுளிடம் விட்டுவிடு.

மூன்று நாளைக்கு முன்பு எழுதிய இன்னொரு கடிதத்திலும் இதே தொனிதான். உன்னையும் எல்லாத் தேவதூதர்களையும்விட நன்றாக என்னைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். தீவனத் தொட்டியில் கிடந்து தாயிடம் பால் குடித்த அந்தக் குழந்தைதான் சர்வவல்லவரின் வலதுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, நீ சும்மா இரு என்கிறார்.

பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலையில், அதே ஊரில், லூத்தர் இறந்துபோனார். வயது 62.

கவலைப்பட்ட மனைவிதான் சரி என்று இதை வைத்து ஒரு கட்சி பேசலாம். கவலைப்பட்டும் என்ன பயன், சாவு நின்றதா என்று இன்னொரு கட்சி பேசலாம். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். என் கேள்வி வேறு. கவலைக்கு ஜெபத்தை மருந்தாகச் சொல்லும்போது கிறிஸ்தவ மரபு ஒருவரை உண்மையில் என்ன செய்யச் சொல்கிறது? கவலையை நினைக்காமலிருக்கச் சொல்கிறதா, அடக்கச் சொல்கிறதா, மாற்றி வேறெதையாவது செய்யச் சொல்கிறதா? இந்தக் கேள்விக்கு லூத்தரின் வீடு நல்ல சோதனைக்களம். உபதேசம் செய்தவரும் அங்கே இருந்தார், அந்த உபதேசத்தின் செலவைச் சுமந்தவரும் அங்கே இருந்தார், இரண்டுக்கும் எழுத்துச் சாட்சி மிஞ்சியிருக்கிறது.

முதலில் கத்தரீனா. 1499இல் பிறந்தவர், சிறுவயதிலேயே கன்னிமடத்தில் விடப்பட்டவர், 1523இல் மற்றச் சில கன்னியரோடு அங்கிருந்து தப்பி விட்டன்பர்க் வந்தவர், 1525இல் லூத்தரை மணந்தவர். குடியிருந்தது முன்பு துறவிகள் வாழ்ந்த பழைய மடத்தில். லூத்தர் தன் புத்தகங்களுக்குப் பதிப்பாளர்களிடம் பணம் வாங்குவதில்லை; வந்தவர் போனவருக்கெல்லாம் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார். ஆறு பிள்ளைகள், எடுத்து வளர்த்த உறவுக்காரப் பிள்ளைகள், மாதக்கணக்கில் தங்கும் மாணவர்கள், ஓடிவந்த போதகர்கள் எல்லாருக்கும் அடுப்பு எரியவேண்டும். மாணவர்களிடம் சாப்பாட்டுக் காசு வசூலித்தது, பீர் காய்ச்சியது, பன்றியும் மாடும் வளர்த்தது, மீன்குளம் பார்த்தது, சூல்ஸ்டோர்ப் என்ற இடத்தில் இருந்த பண்ணையை நடத்தியது எல்லாம் கத்தரீனா. லூத்தர் கடிதத்தில் கேலி செய்த கவலைதான் அந்த வீட்டின் கணக்குப்புத்தகமாக இருந்தது. அவர் நிம்மதியாக உட்கார்ந்து சங்கீதங்களுக்கு உரை எழுத முடிந்ததற்கு, பின்கட்டில் ஒருத்தி நாளைக்கு மாவு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்ததும் காரணம். ஆகாயத்துப் பறவைகளைப் பார்க்கச் சொல்கிற பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

லூத்தர் இறந்தபின் கத்தரீனா பயந்ததெல்லாம் வரிசையாக நடந்தது. 1542இல் லூத்தர் எழுதிய உயில் மனைவியை முழு வாரிசாக்கியது. சாக்சனிச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. லூத்தர் இறந்த அதே ஆண்டே போர் வந்து ஊரைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. திரும்பிவந்தால் நிலங்கள் பாழ். 1552இல் கொள்ளைநோய்க்குப் பயந்து டோர்காவுக்குப் போகும் வழியில் வண்டியில் விபத்து. அந்த டிசம்பரில் அவர் இறந்தார். கவலைப்படாதே என்ற கடிதம் அவரிடம் இருந்தது. அதை எழுதிய கை இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கவலையைப் பற்றிய கிறிஸ்தவப் பேச்சில் பெரும்பாலும் கலந்துபோகிற இரண்டு சங்கதிகள் இந்த வீட்டில் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒன்று, செய்யவேண்டியதை முன்கூட்டி யோசிப்பது. மற்றது, செய்ய ஒன்றுமில்லாததைச் சுற்றிச் சுற்றி வருவது. ஆற்றில் வெள்ளம் என்று கேட்டால் ஆள் அனுப்பி விசாரிப்பது முதல் வகை. விசாரித்துப் பதில் வந்தபின்னும் ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பது இரண்டாவது வகை. மரபின் நல்ல ஆசிரியர்கள் ஜெபத்தைக் காவல் வைத்தது இரண்டாவதன் வாசலில். முதலாவதையும் சேர்த்து விசுவாசக் குறைவு என்று திட்டியவர்கள், அந்த வேலையை வேறு யாரோ தங்களுக்காகச் செய்துகொண்டிருந்ததைக் கவனிக்காதவர்கள். லூத்தரும் சில நேரம் அந்தப் பட்டியலில் வருகிறார்.

ஆனால் அவரை வெறும் உபதேசி என்று தள்ளிவிட முடியாது. அவரே பெரிய கவலைக்காரர். 1530ஆம் ஆண்டைப் பார்த்தால் போதும். சீர்திருத்தக்காரர்களின் விசுவாச அறிக்கை பேரரசன் ஐந்தாம் சார்லஸ் முன் வைக்கப்படவேண்டும். கூட்டம் ஆக்ஸ்பர்க் நகரில். 1521 முதலே லூத்தர் பேரரசின் தடைக்கு உட்பட்டவர் என்பதால் அங்கே காலடி வைக்க முடியாது. ஏப்ரல் முதல் அக்டோபர் தொடக்கம் வரை கோபுர்க் கோட்டையில் அடைந்துகிடந்தார். காதில் ஓயாத இரைச்சல், தலைவலி, சில நாள் ஓர் எழுத்துக்கூடப் படிக்க முடியாது. ஜூன் மாதத் தொடக்கத்தில் அப்பா இறந்த செய்தி வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அழுதார். கோட்டை ஜன்னலுக்கு வெளியே காக்கைகள் கூடிக் கத்துவதைப் பார்த்து, இவையும் ஒரு பேரவை நடத்துகின்றன என்று நண்பர்களுக்கு வேடிக்கையாக எழுதினார். வீட்டில் இருந்த நாலு வயது மகன் ஹான்ஸுக்கு, நல்ல பிள்ளைகள் விளையாடும் ஒரு தோட்டத்தைப் பற்றிக் கதை எழுதி அனுப்பினார். இவ்வளவும் அதே மாதங்களில்.

ஆக்ஸ்பர்க்கில் இருந்த பிலிப் மெலாங்தன் அறிக்கையை எழுதும் பொறுப்பில் இருந்தவர், தூக்கமில்லாமல் கரைந்துகொண்டிருந்தார். ஜூன் கடைசியில் லூத்தர் அவருக்கு அடுத்தடுத்து எழுதிய கடிதங்கள் கவலையைப் பற்றிய ஐரோப்பிய எழுத்திலேயே கூர்மையானவற்றுள் சேரும். உன்னைத் தின்னும் இந்தக் கவலைகளை நான் வெறுக்கிறேன் என்று நேரடியாகச் சொல்கிறார். விவகாரம் பெரியது என்பதால் கவலை பெரிதாகவில்லை, நம்பிக்கை சிறியது என்பதால் பெரிதாகிறது என்பது அவர் வாதம். நமக்கு முன்னால் இதைவிடப் பெரிய ஆபத்துகள் வந்துபோயின. விவகாரம் நம்முடையது என்றால் தோற்கட்டும், கிறிஸ்துவினுடையது என்றால் அவரல்லவா பார்த்துக்கொள்ளவேண்டும்? கடிதங்கள் கடுமையானவை. அதே சமயம், உனக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்ற வாக்கும் அவற்றில் இருக்கிறது. அந்த வாக்கு பேச்சோடு நிற்கவில்லை. கோபுர்க்கில் லூத்தரின் செயலராக இருந்த வைட் டீட்ரிஷ் மெலாங்தனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: ஒவ்வொரு நாளும் குறைந்தது மூன்று மணி நேரம், அதுவும் படிப்புக்கு மிக உகந்த நேரத்தில், இவர் ஜெபத்தில் செலவிடுகிறார், ஒருமுறை வாய்விட்டு ஜெபித்ததைக் காதால் கேட்டேன், கேட்பவர் ஒருவர் எதிரே இருப்பதுபோல், அப்பாவிடமோ நண்பனிடமோ பேசுவதுபோல் பேசினார்.

மெலாங்தனைக் கடிந்துகொண்ட அந்தக் கோட்டை நாட்களில் லூத்தரின் உடம்பு படுத்திய பாட்டை நினைத்தால், அந்தக் கடிதங்களில் பாதி அவர் தனக்குத்தானே எழுதிக்கொண்டவை என்று எனக்குத் தோன்றும். 118ஆம் சங்கீதத்துக்கு அவர் உரை எழுதியது அங்கேதான். நான் சாகாமல் பிழைப்பேன் என்ற பொருள்படும் அதன் வசனத்தை இசைக்குறிப்போடு அறைச் சுவரில் எழுதிவைத்திருந்தார். அந்தச் சுவர் வசனம் தேவைப்பட்டது அவருக்கேதான்.

இனி அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது. இதற்கு லூத்தரே பதில் எழுதியிருக்கிறார், அதுவும் பண்டிதர்களுக்காக எழுதவில்லை. விட்டன்பர்க்கில் அவருக்கு முடிதிருத்திவந்த பழைய நண்பர் பீட்டர் பெஸ்கென்டோர்ஃப், எப்படி ஜெபிப்பது என்று கேட்டிருக்கிறார். பதிலாக 1535இல் ஒரு சிறு புத்தகம் அச்சாயிற்று. ஜெபம் பற்றி எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. கையில் கத்தி பிடித்து வேலை செய்கிற ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதால் இது தனி ரகம்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை, ராத்திரி கடைசி வேலை ஜெபமாக இருக்கட்டும் என்று தொடங்குகிறார். கொஞ்சம் பொறு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம், இந்த ஒரு வேலையை முடித்துவிடுகிறேன் என்று மனம் சொல்லும். அந்தக் குரலை நம்பாதே, அந்த ஒரு வேலை இன்னொன்றைக் கூட்டிவரும், பொழுது போய்விடும் என்கிறார். தனக்கே மனம் சூடில்லாமல் போகும் நாட்கள் உண்டு என்று ஒத்துக்கொள்கிறார். அப்போது அவர் செய்வது, சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ கோயிலுக்கோ போய், பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் குழந்தைகள் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்வது. மனம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

பிறகுதான் முறை வருகிறது. பரமண்டல ஜெபத்தின் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாக எடுத்து, அன்றைய சொந்த நிலவரத்தை அதற்குள் வைத்துப் பேசவேண்டும். கட்டளைகள் ஒவ்வொன்றையும் நாலு இழையாகப் பிரிக்கலாம்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை ஒப்புக்கொள்ள வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. இடையில் ஏதாவது ஒரு நல்ல எண்ணம் பிடித்துக்கொண்டால் மீதியை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இரு. முழுவதையும் முடிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல முடிதிருத்துபவர் கண்ணையும் கருத்தையும் கத்தியிலும் முடியிலும் வைத்திருப்பார், வாய் பேசிக்கொண்டு கண் எங்கோ போனால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார் என்று நண்பரின் தொழிலை வைத்தே கவனத்தைப் பற்றிச் சொல்கிறார்.

இதில் கவலைக்கு என்ன மருந்து? கவலை எப்போது வேண்டுமானாலும் வரும். இந்த முறை அதற்கு நேரம் குறிக்கிறது. கவலை தன் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லும். இங்கே சொல் கடன் வாங்கியது, தலைமுறைகள் சொன்னது, என் பயத்தின் அளவுக்குச் சுருங்காதது. கவலையில் பேசுபவரும் கேட்பவரும் ஒருவரே. ஜெபத்தில் எதிரே ஒருவர் இருக்கிறார். அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கிற இடத்தில் வாடகையையும் சம்பளத்தையும் பிள்ளையின் காய்ச்சலையும் பெயர் சொல்லி வைக்கவேண்டியிருக்கிறது. வைத்துவிட்டால் அடுத்த விண்ணப்பம் மன்னிப்பைப் பற்றியது. நேற்று யாரிடம் என்ன பேசினோம் என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது. சொந்தக் கவலை அந்த வரிசையில் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்வதில்லை.

பீட்டரின் கதையின் முடிவையும் சொல்லவேண்டும். பக்தி நூல்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகும். புத்தகம் வந்த அதே 1535இல், ஈஸ்டருக்கு முன்பு, மகள் வீட்டு விருந்தில் மருமகன் தன் உடம்பில் கத்தி ஏறாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். போர்வீரன். பீட்டர் குத்தினார், மருமகன் இறந்தான். லூத்தரும் மற்றவர்களும் பரிந்துபேசியதால் தலை தப்பியது. சொத்து போயிற்று, மீதி நாளை டெசாவ் நகரில் நாடு கடத்தப்பட்டவராகக் கழித்தார். ஜெபிக்கக் கற்றவர் கொலை செய்யமாட்டார் என்று எந்த உத்தரவாதமும் அந்தப் புத்தகத்தில் இல்லை. இருந்ததாக நினைத்துக்கொள்வது நம் பழக்கம்.

லூத்தரின் முறை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் பற்றிய பேச்சு வருவதற்குச் சில வசனங்களுக்கு முன்புதான் பரமண்டல ஜெபம் வருகிறது. கேட்டவர்கள் அன்றைய கூலியில் அன்றைய சாப்பாட்டைப் பார்த்த கலிலேயா மக்கள். நாளைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு முன்பே, இன்றைய அப்பத்தைக் கேட்கும் வாசகம் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. பவுல் பிலிப்பியருக்கு எழுதியது சிறையிலிருந்து. ஒன்றுக்கும் கவலைப்படாமல் நன்றியோடு விண்ணப்பம் செய்யச் சொல்கிற அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், நோயிலிருந்து தேறிய எப்பாப்பிரோதீத்துவை அனுப்பிவைப்பதால் தன் துக்கம் குறையும் என்றும் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது எல்லாச் சபைகளைப் பற்றிய கவலையும் நாள்தோறும் தன்னை அழுத்துகிறது என்கிறார். ஆக, பிலிப்பியரின் நான்காம் அதிகாரத்திலுள்ள அந்த வசனத்தை மட்டும் பிடுங்கி எடுத்துக் கவலைப்படுகிறவர் முகத்தில் எறிவது பவுலுக்கே நியாயமில்லை. கெத்செமனேயில் இயேசு ஒரே விண்ணப்பத்தை மூன்று முறை சொன்னார், கேட்டது கிடைக்கவில்லை.

சங்கீதங்கள் இன்னும் வெளிப்படையானவை. 150 சங்கீதங்களில் மிகப் பெரிய தொகுதி முறையீட்டுச் சங்கீதங்கள் என்பதை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஹெர்மன் குங்கெல் வகைபிரித்துக் காட்டினார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நடை உண்டு: கூப்பிடுதல், முறையிடுதல், கேட்டல், பிறகு நம்பிக்கைச் சொல். 88ஆம் சங்கீதம் மட்டும் கடைசி வரை இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதையும் தொகுப்பிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆறுதல் வராத இரவையும் ஜெபம் என்றே எண்ணவேண்டும் என்று தொகுத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

இன்றைய ஆய்வாளர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கவலையை நெடுங்காலம் ஆராய்ந்த தாமஸ் போர்கோவெக், கவலை பெரும்பாலும் படமாக வருவதைவிடப் பேச்சாகவே மனதில் ஓடுகிறது என்று கண்டார். பயங்கரத்தைக் கண்ணால் பார்க்காமலிருக்க மனம் அதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. 1983இல் அவரும் குழுவினரும் ஒரு வழி சொன்னார்கள்: நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி கவலைக்கென்று ஒதுக்கு, மற்ற நேரம் வரும் கவலையை அந்த அரை மணிக்குத் தள்ளிப்போடு, அந்த நேரத்தில் கவலைப்படு, செய்யக்கூடியதை யோசி. முடிதிருத்துபவருக்கு எழுதிய புத்தகத்தின் காலை மாலை ஒழுங்கைப் படித்தவர்களுக்கு இது பழகிய வீடுபோல் தெரியும். ஒற்றுமையைக் கண்டு விஞ்ஞானம் ஜெபத்தை நிரூபித்துவிட்டது என்று கிளம்பவேண்டாம். போர்கோவெக்கின் அரை மணியில் எதிரே யாரும் இல்லை. விசுவாசிக்கு எதிரே இருப்பவர்தான் முக்கியம்.

மதம் சார்ந்து துன்பத்தைச் சமாளிப்பதை ஆராய்ந்த கென்னத் பார்கமெண்டும் அவர் குழுவினரும் 1988இல் மூன்று போக்குகளைப் பிரித்தார்கள். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வது. எல்லாவற்றையும் கடவுள் தலையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது. கடவுளோடு சேர்ந்து வேலை செய்வது. மூன்றாவது போக்கினரிடம் தன்னம்பிக்கையும் திறமை உணர்வும் கூடுதலாகவும், இரண்டாவது போக்கினரிடம் குறைவாகவும் இருந்தன. வேலையை வைத்துக்கொண்டு விளைவை மட்டும் ஒப்படைப்பது என்று நான் மேலே பிரித்த பிரிவினைக்கு இது பக்கத்தில் நிற்கிறது. 2001இல் பார்கமெண்டும் மற்றவர்களும் வெளியிட்ட இன்னோர் ஆய்வு கசப்பானது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டாண்டு தொடர்ந்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என்னை நேசிக்கவில்லை, இந்த நோய் பிசாசின் வேலை என்று நினைத்துத் தவித்தவர்களிடம் இறப்பு ஆபத்து கூடுதலாக இருந்தது. உடல்நிலை முதலிய மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபின்பும். நம்பிக்கை ஆற்றும், நம்பிக்கை அறுக்கவும் செய்யும்.

2006இல் வெளியான ஹெர்பர்ட் பென்சனின் ஆய்வை இரண்டு தரப்பும் தவறாகப் பயன்படுத்துகின்றன. ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 பேர். உனக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட இரண்டு குழுக்களில், ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. உனக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம். ஜெபக் குழுவைக் கூப்பிடும் அளவுக்கா நமக்கு மோசம் என்ற பயம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் பெயரையும் இனிஷியலையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் ஜெபத்தையே அந்த ஆய்வு அளந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பது வேறு. ஆனாலும், யாரோ ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், மனம் தானாக அமைதியாகிவிடும் என்ற எண்ணத்தை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

லூத்தரின் வீட்டிலிருந்து நம் ஊருக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. அவருடைய 1529ஆம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் உண்டு. காலையில் ஜெபித்தபின் மகிழ்ச்சியாக வேலைக்குப் போ, இரவில் ஜெபித்தபின் உடனே நிம்மதியாகத் தூங்கு என்று செய்முறை சேர்த்தே கொடுத்திருக்கிறார். 1706இல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபின் முதலில் தமிழாக்கப்பட்டவற்றுள் அந்த ஞானோபதேசமும் ஒன்று. அந்த மிஷன் வரிசையில் வந்தவர் ஃபப்ரிசியுஸ். வேதாகமத்தைத் தமிழில் செப்பனிட்டவர், இன்றும் பாடப்படும் ஞானப்பாட்டுகளைத் தந்தவர். கடைசிக் காலத்தில் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, சென்னையில் கடனுக்காகச் சிறையும் கண்டு, 1791இல் இறந்தார். இத்தனை ஜெபங்களையும் பாட்டுகளையும் தமிழுக்குக் கொண்டுவந்தவரைப் பணக்கவலை விட்டுவைக்கவில்லை. அவர் பக்தியைச் சந்தேகிக்க இது காரணமாகாது. கணக்கைப் பார்க்க ஒரு கத்தரீனா பக்கத்தில் இல்லாமல்போனார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இன்று தமிழ்ச் சபைகளில் கவலைக்கென்று இருக்கும் ஏற்பாடுகள் ஏராளம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வது, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாகச் சங்கீதம் வாசிக்கும் குடும்ப ஜெபம். இவற்றில் எனக்கு மிகவும் விலைமதிப்புள்ளதாகப் படுவது ஜெபக்குறிப்பு. நாலாக மடித்த ரூல் நோட்டுத் தாள். மேலே பெயர்கூட இருக்காது, மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், நகைக்கடன், கர்ப்பப்பைக் கட்டி, வீட்டுக்காரர் குடிப்பழக்கம் என்று வரிசையாக எழுதியிருக்கும். ராத்திரியில் தலைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புரண்டவை தாளில் எண் போட்டு நிற்கின்றன. எழுதும்போதே சில, இது ஜெபக்குறிப்பு இல்லை, நாளைக்கு பேங்குக்குப் போனால் தீரும் என்று கழிந்துவிடும். மற்றவை இன்னொருவர் கைக்குப் போகின்றன.

பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் இதன் அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம். ஜெபம் முடிந்து காபி வரும்போது, அந்தத் தாளில் இருந்தது பேச்சாக மாறும். எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், ஸ்கேன் எடுத்தாயிற்றா, திங்கட்கிழமை நான் கூட வரட்டுமா, அந்தக் கடைக்காரர் எங்கள் தெருதான், சொல்லிப் பார்க்கிறேன். ஜெபத்தில் ஒப்படைத்த விளைவுக்கும் கையில் மிஞ்சிய வேலைக்கும் நடுவே இந்தப் பெண்கள் ஒரு கோடு போடுகிறார்கள். அதைப் போதகர்கள் பிரசங்கத்தில் போட்டு நான் அதிகம் கேட்டதில்லை.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. ஆறு மாதமாகத் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, எந்தக் காரணமும் இல்லாமல் எல்லாவற்றுக்கும் பயம் என்று வருகிறவரிடம், விசுவாசம் போதவில்லை, இன்னும் ஒரு நாள் உபவாசம் இரு என்று அனுப்புவது. ஏற்கெனவே பயத்தில் இருப்பவருக்குக் கடவுள் தன்மேல் கோபமாயிருக்கிறார் என்ற பயத்தையும் சேர்த்துக் கொடுக்கிற வேலை இது. பார்கமெண்டின் 2001 ஆய்வு எச்சரித்தது இதைத்தான். பெரும்பாலான நாட்களில், ஆறு மாதத்துக்கு மேல், கட்டுக்கடங்காமல் தொடரும் கவலையை மருத்துவம் நோயாகவே வகைப்படுத்துகிறது; சிகிச்சையும் இருக்கிறது. லூத்தர்கூட இந்த விஷயத்தில் நம்மில் பலரைவிட நடைமுறை தெரிந்தவர். மனச்சோர்வில் தவித்த ஹியரோனிமுஸ் வெல்லருக்குத் தனியாக இருக்காதே, ஆட்களோடு சேர், சிரி, கொஞ்சம் கூடவே குடி என்று எழுதினார். வெல்லரின் சகோதரர் மத்தியாஸுக்கு 1534இல் எழுதும்போது, சோகம் வந்தால் உன் சிற்றிசைப்பெட்டியை எடுத்து வாசி, பாடு, மற்றவர்கள் சொல்லும் ஆறுதலைக் கடவுள் சொல்லாகவே கேள் என்றார். அதே ஆண்டு இளவரசர் யோவாகிமுக்குக் குதிரைச் சவாரியையும் வேட்டையையும் பரிந்துரைத்தார். ஜெபத்தை மட்டும் பண்ணு என்று அவர் யாரையும் அறைக்குள் பூட்டவில்லை.

ஜெபமும் சிகிச்சையும் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறிஸ்தவ நிறுவனம். 1950களில் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மனநல மருத்துவர் அங்கே மனநலப் பிரிவைக் கட்டியெழுப்பினார்; பாகாயத்தில் அதற்குத் தனி மையம் உருவாயிற்று. அங்கே மாத்திரையும் உண்டு, பேச்சுச் சிகிச்சையும் உண்டு. சிகிச்சைக்குச் சேருகிறவரோடு வீட்டார் ஒருவரும் வந்து தங்கவேண்டும் என்பது அந்த மையத்தின் தொடக்க கால ஏற்பாடு.